கால் வைக்கும் வலை

தறியில் பாவு ஏற்றும்போது காஞ்சிபுரம் நெசவாளர் கண்ணும் விரலும் முதலில் தேடுவது தளர்ந்த இழைகளைத்தான். நாலு இழை தளர்ந்தால் அவற்றின் பங்கு பாரமும் பக்கத்து இழைகள்மேல் ஏறும்; அவை அறுந்துவிடும். கேட்டமரான் படகின் நடுவே கட்டும் வலைக்கும் இதே விதிதான்.

இரண்டு குறுகிய ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்தது கேட்டமரான். நடுவே பலகை அடித்தால் அலை அடியிலிருந்து மோதும், காற்று தூக்கும். வலையானால் தண்ணீர் உடனே வடிந்துவிடும். டிராம்போலின் என்று இதற்கென்றே விற்கும் வலையோ, வீட்டில் படகு கட்டுபவர் கைக்கு எட்டாத விலை. பிரிட்டனின் ஜேம்ஸ் வாரம் 1954-ல் சொந்தமாகக் கட்டிய ஏழு மீட்டர் கேட்டமரானில்தான் அட்லாண்டிக்கைக் கடந்தார். சிக்கனமாகக் கட்டியதும் பெருங்கடல் தாங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது காஞ்சிபுரம் மாவட்டம் தன் கடற்கரையை இழந்தது. ஆனாலும் காஞ்சிபுரம் நகரத்திலிருந்து கடலோர மாமல்லபுரம் 65 கிலோமீட்டர் அளவில்தான். டிராம்போலினுக்குப் பதில், கடலோரத்தில் மீன்வலை விற்கும் கடைகளே நமக்குப் போதும் என்பது என் எண்ணம். எதை வாங்குவது என்பதில்தான் கவனம் வேண்டும்.

நைலான் நனைந்தால் நீரை உறிஞ்சும், பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும், நீளும். துள்ளும் மீனுக்கு அந்த இளக்கம் நல்லது; நிற்கும் மனிதனுக்கு ஆகாது. பாலியஸ்டர் அதிகம் நீளாது, வெயிலையும் ஓரளவு தாங்கும். கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. மலிவில் கிடைப்பது பாலிஎதிலீன். அதன் அடர்த்தி 0.95, கடல்நீருக்கு 1.025. அதனால் மிதக்கும், நீரும் குடிக்காது. ஆனால் தொடர்ந்து பாரம் இருந்தால் மெல்ல நீண்டுகொண்டே போகும். அவ்வப்போது இழுத்துக் கட்ட வேண்டும். கறுப்பு நிறமே வாங்குங்கள். அதில் கலந்த கரித்தூள் புற ஊதாக் கதிரை உள்வாங்கி, இழையின் மூலக்கூறுச் சங்கிலிகள் அறாமல் காக்கிறது. முடிச்சில்லாத வலை இன்னும் நல்லது: முடிச்சு விழும் இடத்தில் இழை கூர்மையாக வளைந்து பலம் குறைகிறது, வெறுங்காலையும் உறுத்துகிறது.

வலைக் கண்ணை இழுத்துப் பிடித்து அளப்பதே மீன்வலை வழக்கம். 40 மில்லிமீட்டர் என்று சொல்லும் கண்ணைச் சதுரமாக விரித்தால் பக்கம் 20 மில்லிமீட்டர்தான். கால்விரல் சிக்காமலிருக்க அந்த அளவு சரி.

முரசுத் தோல்போல விறைப்பாகக் கட்டத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். கணக்கு அதற்கு எதிராக நிற்கிறது. இரண்டு மீட்டர் இடைவெளியில் கட்டிய ஒற்றைக் கயிற்றின் நடுவில் 70 கிலோ ஆள் நிற்கிறார். கயிறு 20 சென்டிமீட்டர் தொய்கிறது. அதன்மேல் விழும் இழுவிசை ஏறத்தாழ 180 கிலோ எடைக்குச் சமம். தொய்வை 10 சென்டிமீட்டராகக் குறைத்தால் அது 350 கிலோவைத் தொடும். வலையில் பல இழைகள் இதைப் பகிர்ந்துகொள்ளும் என்றாலும், முடிவில் வளைவது குறுக்குச் சட்டமும் ஓடத்தின் விளிம்பும்தான். கொஞ்சம் தொய்வு இருக்கட்டும்.

விளிம்பில் தடித்த கயிறு கோத்து, அந்தக் கயிற்றைச் சட்டத்தோடு பிணைக்க வேண்டும். நான்கு பக்கமும் ஒரே நீளக் கயிற்றை ஓட்டாதீர்கள். ஓரிடத்தில் அறுந்தால் முழுவதும் உருவிக்கொள்ளும், வலையில் நின்றவர் கடலில் இருப்பார். முழநீளத் துண்டுகளாகத் தனித்தனியே கட்டினால் ஒன்று போனாலும் மற்றவை பிடித்திருக்கும்.