புல்லட்டில் ஆயில் கசிவு: ஆபத்தும் தீர்வும் உரிமையும்

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டைப் பற்றிப் பட்டறைகளில் நெடுங்காலமாகப் புழங்கும் பேச்சு ஒன்று உண்டு: “புல்லட்டுன்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்.” இந்தப் பேச்சை நம்பி, சரிசெய்யக்கூடிய கோளாறை ஆண்டுக்கணக்கில் சகித்துக்கொள்பவர்கள் ஏராளம். இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த இந்த வண்டி, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடனான கூட்டின் வழியே சென்னைக்கு வந்தது. திருவொற்றியூர் ஆலையில் பெரிய மாற்றமின்றிப் பல பத்தாண்டுகள் தயாரானது. இதில் இன்ஜின், கியர்பாக்ஸ், பிரைமரி செயின் அறை மூன்றும் தனித்தனி. மூன்றுக்கும் தனித்தனி ஆயில். இணைப்புகள் அதிகம் என்பதால் கசிய வாய்ப்பும் அதிகம். ஆனாலும் ஒவ்வொரு கசிவுக்கும் ஓர் இடமும் ஒரு காரணமும் உண்டு.

ஆபத்துகள்

முதல் ஆபத்து பின் சக்கரத்தில் இருக்கிறது. கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டின் பின்னுள்ள ஆயில் சீல் தேய்ந்தால், கசியும் ஆயில் செயினோடு ஓடிப் பின் சக்கரத்தில் தெறிக்கும். டயரின் ஓரத்தில் படிந்தால் வளைவில் வண்டி வழுக்கும்; பிரேக் டிரம்முக்குள் புகுந்தால் பிரேக் பிடிக்காது. டயரோ பிரேக்கோ நனைந்திருந்தால், சரிசெய்யும்வரை வண்டியை எடுக்கக் கூடாது.

இரண்டாவது, ஆயில் குறைவதால் வரும் சேதம். அளவு இறங்கிய நிலையில் நெடுஞ்சாலையில் ஓட்டினால் பிக் எண்ட் தேயும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் பேக்கிங்கில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினை முழுதாகப் பிரிக்கும் செலவில் போய் நிற்கும்.

ஆயில் சூடான சைலன்சரில் சொட்டினால் புகையும் கருகல் வாடையும் வரும். வருவது பெட்ரோல் வாடையாக இருந்தால் நிலைமை வேறு. தீப்பிடிக்கும் அபாயம் உள்ளதால் உடனே இன்ஜினை அணைத்து, பெட்ரோல் குழாயை மூட வேண்டும்.

இடத்தைக் கண்டறிதல்

சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. ஆயில் கீழே வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே நனைந்த பகுதியில் மிக மேலே, மிக முன்னால் இருக்கும் இடமே சந்தேகத்துக்குரியது. ஆறிய இன்ஜினை மண்ணெண்ணெயும் பிரஷும் கொண்டு சுத்தமாகக் கழுவித் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் இணைப்புகளின் மேல் முகப்பவுடரை மெல்லியதாகத் தூவ வேண்டும். சிறிது தூரம் ஓட்டிவிட்டுப் பார்த்தால், ஆயில் கிளம்பும் இடத்தில் பவுடர் ஈரமாகிக் கோடு விழுந்திருக்கும். கழுவுவதற்குப் பெட்ரோல் கூடாது.

கசிவதன் தன்மையும் துப்புத் தரும். கறுத்து மெலிந்திருந்தால் இன்ஜின் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில்.

காரணமும் தீர்வும்

முதலில் பார்க்க வேண்டியது பிரீதர். பிஸ்டன் கீழிறங்கும்போது கிராங்க்கேஸில் அழுத்தப்படும் காற்று பிரீதர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது அடைத்திருந்தாலோ, பிஸ்டன் ரிங் தேய்ந்து மேலிருந்து அழுத்தம் இறங்கினாலோ, உள்ளழுத்தம் ஆயிலை எல்லா இணைப்புகளின் வழியாகவும் பிதுக்கும். அப்போது பேக்கிங்கை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை. பிரீதரைச் சரிசெய்து, கம்ப்ரஷன் பார்த்து, தேவைப்பட்டால் போர் வேலை செய்ய வேண்டும்.

கசிவு போலவே தோன்றும் இன்னொன்று, நாள்கணக்கில் நிறுத்திய வண்டியில் நடப்பது. ஆயில் டேங்க் அறையில் இருக்கும் ஆயில், பம்ப் வழியே மெல்லக் கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடும். அந்நேரம் டிப் ஸ்டிக்கில் அளவு குறைவாகத் தெரியும். அதை நம்பி மேலும் ஊற்றினால், ஸ்டார்ட் செய்ததும் மிகுதியான ஆயில் பிரீதர் வழியே வெளியே கொட்டும். இன்ஜினைச் சிறிது ஓடவிட்டு நிறுத்தி, சில நிமிடம் கழித்து அளவு பார்ப்பதே சரி.

பிரைமரி செயின் மூடியை நடுவிலுள்ள ஒற்றை நட்டும் சுற்றியுள்ள ரப்பர் வளையமும் பிடித்து நிற்கின்றன. கசிகிறது என்று நட்டை மேலும் இறுக்கினால் மூடி நெளிந்து கசிவு கூடும். ரப்பரை மாற்றுவதே தீர்வு. டாப்பெட் மூடி, ராக்கர் பாக்ஸ் போன்ற இடங்களில் பழைய பேக்கிங்கை முழுதாகச் சுரண்டி எடுத்து, பரப்பு சமமாக உள்ளதா என்று கண்ணாடிப் பலகை மேல் வைத்துப் பார்த்தபின் புதியதைப் போட வேண்டும். கேஸ்கெட் பேஸ்டை அப்பினால், உள்ளே பிதுங்கிய துணுக்குகள் ஆயில் வழியை அடைத்துவிடும்.

வாடிக்கையாளரின் உரிமை

பணம் பெற்றுக்கொண்டு செய்யும் பழுதுபார்ப்பு, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவை. பணத்தை வாங்கிக்கொண்டு வேலையை முறையாகச் செய்யாதது சேவைக் குறைபாடு. பில் தராததை இச்சட்டம் நேர்மையற்ற வணிக நடைமுறை என்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெறவோ, குறையான சேவைக்கான தொகையைத் தரவோ பில்லில் குறித்த காலத்துக்குள் மறுப்பதும் அப்படியே. காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாள் என்று கணக்கு. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சிட்டிருப்பது இந்த உரிமையைப் பறிக்காது.

எனவே வண்டியை விடும்போதே கசியும் இடம், செய்யப்போகும் வேலை, மதிப்பீட்டுத் தொகை ஆகியவற்றை எழுதி வாங்க வேண்டும். மாற்றிய பழைய சீலையும் பேக்கிங்கையும் கேட்டுப் பெற வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த, தேதி தெரியும் படங்கள் பின்னால் சாட்சியாகும்.

மீண்டும் கசிந்தால் முதலில் பட்டறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் தர வேண்டும்.

பழைய வண்டியை வியாபாரியிடம் வாங்கினாலும் இச்சட்டம் துணை நிற்கும். தனி ஒருவரிடம் வாங்கினால் பெரும்பாலும் ஒப்பந்தச் சட்டமே வழி. கவனமாகப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும் குறைக்கு அங்கே பரிகாரம் கிடைப்பது கடினம். புதிதாகக் கழுவி நிற்கும் இன்ஜினைப் பார்த்து முடிவெடுக்காமல், சூடாகும்வரை ஓட்டி, கீழே அட்டை விரித்து நிறுத்திப் பார்த்தபின்பே முன்பணம் தர வேண்டும்.

பழைய ஆயில்

வடித்தெடுத்த ஆயில், 2016-ஆம் ஆண்டு அபாயகரக் கழிவு விதிகளில் அடங்கியது. அதைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றினால் நீரும் நிலமும் கெடும். நீண்டகாலம் தோலில் பட்டால் புற்றுநோய் அபாயமும் உண்டு, கையுறை அவசியம். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய ஆயிலை முறையாகச் சேகரித்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் சர்வீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஆயில் நனைந்த துணியையும் பழைய ஃபில்டரையும் வீட்டுக் குப்பையில் கலக்காமல் அதனுடனேயே தர வேண்டும்.