மூலநிரலின் தரத்தை அளத்தல்

கணிப்பொறி செய்ய வேண்டிய வேலையை, மனிதர் படித்தறியக்கூடிய வரிகளாக எழுதி அமைத்த ஆணைத் தொகுப்பு மூலநிரல் எனப்படும். ஒருமுறை தடையின்றி இயங்கிற்று என்பதனாலேயே ஒரு நிரலைத் தரமானது எனக் கொள்ளுதல் இயலாது. துணியை முழத்தாலும் நெல்லைப் படியாலும் அளப்பது போல, மூலநிரலை அளப்பதற்கும் சில அளவைகள் உள்ளன.

அவற்றுள் எளியது வரிகளின் எண்ணிக்கை. ஆயினும் அது நிரலின் பருமனைக் காட்டுமேயன்றிச் சிக்கலைக் காட்டாது. சிக்கலை அளக்கும் முறையொன்றைத் தாமஸ் மெக்கேப் என்னும் அமெரிக்கர் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்டார். நிரலில் "ஆம்", "இல்லை" என வழி பிரியும் இடங்களை எண்ணி, அத்துடன் ஒன்றைக் கூட்டினால் சிக்கல் எண் கிடைக்கும்.

சித்தூர் மாவட்டத்து மாங்கூழ் ஆலை ஒன்றில், லாரிகளை நிறுத்து விலை கணக்கிடும் நிரல் இருப்பதாகக் கொள்வோம். சரக்கு தோதாபுரி வகையா, அது பழுத்துள்ளதா என்னும் இரு வினாக்களை அது எழுப்புமாயின், அதன் சிக்கல் எண் 3. ஒரு பகுதிக்கு 10 என்பதே மெக்கேப் கூறிய மேல்வரம்பு. அதற்கு மேற்பட்ட பகுதியைப் புரிந்துகொள்வதும் திருத்துவதும் கடினம். அதனைப் பிரித்து எழுதுதல் நலம்.

மற்றோர் அளவை சோதனைப் பரப்பு. சோதனையின்போது நிரலின் வரிகளுள் நூற்றுக்கு எத்தனை இயக்கப்பட்டன என்பதை இது கூறும். மேற்கூறிய நிரலின் எல்லா வரிகளும் சோதிக்கப்பட்டு, பரப்பு நூற்றுக்கு நூறு என்றே வைத்துக்கொள்வோம். எடையைக் குறிக்க அதில் 16 பிட் இடம் ஒதுக்கப்பட்டிருப்பின், குறை எண்களையும் ஏற்கும் அவ்விடத்தில் அடங்கும் மிகப் பெரிய எண் 32,767. சரக்குடன் 40,000 கிலோ எடையுள்ள லாரி வந்து நிற்கும் அன்றுதான் குறை வெளிப்படும்.

வரம்பைக் கடக்கும்போது மட்டும் வெளிப்படும் இத்தகைய பிழையால் பேரிழப்பு நேர்ந்ததுண்டு. இன்று திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்த ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து 1993 செப்டம்பர் 20-இல் பி.எஸ்.எல்.வி. ஏவுகலம் முதன்முறையாக ஏவப்பட்டது. இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் பிரியும் வேளையில் அது நிலை தடுமாறிற்று. செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடையவில்லை. கலத்தைக் கட்டுப்படுத்தும் மென்பொருளில் ஒரு பிழை இருந்ததும், கட்டுப்பாட்டு ஆணை உச்ச வரம்பைத் தாண்டிய நிலையில் மட்டுமே அது தோன்றியதும் ஆய்வில் தெரிய வந்தன. குறைகள் களையப்பட்டபின், 1994 அக்டோபர் 15-இல் நிகழ்ந்த இரண்டாம் ஏவுதல் வெற்றி பெற்றது.

1996 ஜூன் 4-இல் ஐரோப்பாவின் ஏரியன் 5 ஏவுகலமும் முதற் பயணத்திலேயே அழிந்தது. ஏரியன் 4 கலத்தில் நன்கு பணியாற்றிய நிரற்பகுதி அதில் அப்படியே வைக்கப்பட்டிருந்தது. புதிய கலத்தின் வேகம் மிகுதியாதலால், ஓர் அளவு 16 பிட் இடத்தில் அடங்காமற் போயிற்று.

ஆகவே, எந்தப் பகுதியை முதலில் ஆராய வேண்டும் என்பதை அளவைகள் காட்டும். வரம்புகளைக் கருதிப் பார்ப்பது மனிதரின் கடமை. மதிப்பெண் கணக்கிடும் நிரலை மாணவர் எழுதுங்கால், 45, 60 ஆகியவற்றுடன் 0, 100, 101 ஆகியவற்றையும், தேர்வுக்கு வாராதவர் நிலையையும் இட்டுச் சோதிக்குமாறு ஆசிரியர்கள் பயிற்றுவித்தல் வேண்டும்.