தீயணைப்பு நிலையத்துக்கு 'மார்க்' போடுவது எப்படி? பக்கத்து ஸ்டேஷனுக்கு உதவப் போன வண்டியும் கணக்கில் வரணும்!

தீ பிடித்த இடத்தில் கூடி நிற்கிற எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "போன் பண்ணி எவ்வளவு நேரமாச்சு, இன்னும் வண்டி வரலியே?"

இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு தீயணைப்பு நிலையம் பதில் சொல்லிவிட முடியாது. குடிசையில் தீ என்றால் ஒரு வண்டி போதும். பல மாடி ஜவுளிக்கடை, குடோன், குப்பைக் கிடங்கு, கெமிக்கல் கம்பெனி என்றால் நாலாபக்கம் இருந்தும் வண்டிகள் வரவேண்டும். போலீஸ், மின்வாரியம், 108 ஆம்புலன்ஸ், குடிநீர் வாரிய லாரி, மாநகராட்சி பொக்லைன் எல்லாம் சேர்ந்தால்தான் தீ அடங்கும்.

ஆனால் ஆய்வு என்று வரும்போது ஒவ்வொரு நிலையமும் தனித்தனியாகத்தான் பரிசோதிக்கப்படுகிறது. கூட்டாகச் செய்யும் வேலைக்கு யார் மார்க் போடுவது? எப்படிப் போடுவது? இதில் என்ன சிக்கல்? விவரம் இதோ:-

ஆண்டு ஆய்வு

தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையில் நிலைய அலுவலர், மாவட்ட அலுவலர், மண்டல அதிகாரி, இயக்குனர் என்று படிப்படியாக அதிகாரிகள் உள்ளனர். மேலதிகாரிகள் நிலையங்களுக்கு நேரில் போய் ஆய்வு நடத்துவது வழக்கம்.

அணிவகுப்பு நடக்கும். வண்டி, பம்பு, தண்ணீர் பீய்ச்சும் குழாய், ஏணி, கயிறு, புகைக்குள் போவதற்கான மூச்சுக் கருவி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வீரர்கள் பயிற்சி செய்து காட்டுவார்கள். பதிவேடுகளைப் புரட்டுவார்கள்.

இது கட்டாயம் வேண்டியதுதான். குழாயில் ஓட்டை இருந்தால் வேறு எது இருந்தும் பயனில்லை. ஆனால் இந்த ஆய்வு நிலையத்தின் காம்பவுண்டு சுவருக்குள் நடப்பது. பெரிய தீயோ சுவருக்கு வெளியே, பத்து நிலைய வண்டிகள் நடுவே எரிகிறது.

சராசரி என்ற மாயம்

'அழைப்பு வந்து எத்தனை நிமிடத்தில் போனார்கள்?' என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த அளவுகோல். இதை 4 துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. போனை எடுத்து முகவரி வாங்கி, நிலையத்துக்குத் தகவல் சொல்ல ஆன நேரம்.

2. மணி அடித்ததில் இருந்து வண்டி கேட்டைத் தாண்ட ஆன நேரம்.

3. சாலையில் ஓடிய நேரம்.

4. இடத்துக்கு வந்தபின் முதல் தண்ணீர் தீயில் விழ ஆன நேரம்.

இரண்டாவது மட்டும்தான் முழுக்க முழுக்க நிலையத்தின் கையில் உள்ளது. முதலாவது கட்டுப்பாட்டு அறையின் வேலை. மூன்றாவதில் போக்குவரத்து போலீசுக்குப் பங்கு உண்டு. நான்காவதில் குறுகலான தெரு, குறுக்கே நிற்கிற பைக், தொங்குகிற கேபிள் எல்லாம் சேரும். மொத்தமாக ஒரே எண்ணாகச் சொன்னால் தப்பு எங்கே என்று யாருக்கும் புரியாது.

சராசரியிலும் ஏமாற்று உண்டு. ஒரு நிலையத்துக்கு 10 அழைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 9 இடத்துக்கு 5 நிமிடத்தில் போகிறார்கள். ஒரே ஒரு இடத்துக்கு 35 நிமிடம் ஆகிறது. சராசரி போட்டால் 8 நிமிடம். 'பரவாயில்லையே' என்று தோன்றும். ஆனால் அந்த 35 நிமிட வீட்டுக்காரரிடம் போய் சராசரி பேச முடியுமா?

அப்படிப்பட்ட வீடு பெரும்பாலும் எங்கே இருக்கும்? இரண்டு நிலையங்களின் எல்லையில்தான்.

உதவி செய்தால் மார்க் குறையுமா?

இங்கேதான் முக்கியமான சிக்கல். கற்பனையாக ஓர் உதாரணம் பார்ப்போம்.

'அ' நிலைய எல்லையில் பெரிய தீ. பக்கத்து 'ஆ' நிலையம் தன்னிடம் உள்ள ஒரே வண்டியை அங்கே அனுப்புகிறது. அந்த நேரம் பார்த்து 'ஆ' நிலைய எல்லையிலேயே ஒரு வீட்டில் சிலிண்டர் தீ. வண்டி இல்லை. தூரத்தில் உள்ள 'இ' நிலையத்தில் இருந்து வண்டி வர 25 நிமிடம் ஆகிவிடுகிறது.

ஆய்வில் என்ன தெரியும்? 'ஆ' நிலைய எல்லையில் தாமதம் என்று தெரியும். உதவிக்குப் போனது பதிவேட்டில் ஒரு வரியாக இருக்கும். இப்படி மார்க் போட்டால் அடுத்த முறை வண்டியை அனுப்ப யாருக்கு மனசு வரும்? உதவி கேட்டவரும் தயங்குவார், கொடுப்பவரும் தயங்குவார்.

எனவே வண்டி கொடுத்த நிலையத்துக்கு அது வரவாக எழுதப்பட வேண்டும். வண்டி போனதும் காலியான பகுதிக்கு வேறு வண்டியை நகர்த்தி வைத்தார்களா என்பதை மாவட்ட, மண்டல அளவில் கேட்க வேண்டும். அது நிலைய அலுவலரின் மார்க் அல்ல, மேலதிகாரியின் மார்க்!

நடந்த சம்பவங்கள்

கூட்டு வேலை எவ்வளவு முக்கியம் என்பதற்கு வெளியே தேட வேண்டியதில்லை.

2017 மே 31-ந்தேதி அதிகாலை சென்னை தி.நகர் உஸ்மான் ரோட்டில் 'சென்னை சில்க்ஸ்' கட்டிடத்தில் தீ பிடித்தது. உள்ளே இருந்த ஊழியர்கள் மீட்கப்பட்டனர். ஆனால் கரும்புகை காரணமாக வீரர்களால் உள்ளே நெருங்க முடியவில்லை. ஒரு நாளைத் தாண்டியும் எரிந்தது. கட்டிடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. பல நிலைய வண்டிகளோடு தண்ணீர் லாரிகளும் வரிசை கட்டி நின்றன.

வழக்கமான தீயணைப்பு வண்டி ஒன்றில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். முழு வேகத்தில் பீய்ச்சினால் சில நிமிடங்களில் காலி. அதன்பிறகு தண்ணீர் லாரி வருவதைப் பொறுத்துத்தான் எல்லாமே. லாரி தாமதமானால் தீயணைப்பு நிலையத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

அதே 2017 ஜூலையில் கொடுங்கையூரில் பேக்கரி ஒன்றில் தீயை அணைத்துக்கொண்டு இருந்தபோது கியாஸ் சிலிண்டர் வெடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் பலியானார். அங்கே கூடியிருந்த பொதுமக்கள் பலர் காயம் அடைந்தனர். கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவது போலீசும் தீயணைப்புத் துறையும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. முதல் 5 நிமிடத்தில் கயிறு கட்டினார்களா என்பதையும் ஆய்வில் கேட்க வேண்டாமா?

2020 தீபாவளி அன்று அதிகாலை மதுரையில் பழைய கட்டிடத்தில் இருந்த ஜவுளிக்கடையில் தீ. சுவர் இடிந்து விழுந்து 2 தீயணைப்பு வீரர்கள் உயிர் இழந்தனர். எந்தக் கட்டிடம் பலவீனமானது என்ற பட்டியல் உள்ளாட்சியின் கையில் இருக்கும். அது தீயணைப்பு நிலையத்தின் கைக்கு வருகிறதா என்பதும் கூட்டு ஆய்வில் கேட்க வேண்டிய கேள்வி.

தீக்கு எல்லை தெரியாது

2023 அக்டோபர் 7-ந்தேதி ஓசூரை ஒட்டிய கர்நாடக மாநிலம் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கடை குடோனில் பயங்கர தீ விபத்து நடந்தது. பலியானவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டில் இருந்து வேலைக்குப் போனவர்கள். சம்பவம் ஒரு மாநிலத்தில், அழுகை இன்னொரு மாநிலத்தில்.

புதுச்சேரி - விழுப்புரம் எல்லையில் ஒரு தெரு தாண்டினால் வேறு அரசு. காரைக்காலைச் சுற்றிலும் தமிழ்நாட்டு மாவட்டங்கள். 2019-ல் செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், தென்காசி, கள்ளக்குறிச்சி என்று புது மாவட்டங்கள் பிறந்தன. 2020-ல் மயிலாடுதுறையும் சேர்ந்தது. மாவட்டக் கோடு மாறினாலும் பக்கத்து ஊர் வண்டிதான் சீக்கிரம் வரும் என்பது மாறாது.

மான்செஸ்டர் பாடம்

தனித்தனியாக நன்றாக இருந்தும் சேர்ந்து வேலை செய்யத் தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த உதாரணம் இங்கிலாந்தில் உள்ளது.

2017 மே 22-ந்தேதி இரவு 10.31 மணிக்கு மான்செஸ்டர் அரங்கில் இசை நிகழ்ச்சி முடிந்த நேரம் குண்டு வெடித்தது. 22 பேர் கொல்லப்பட்டனர். தீயணைப்பு நிலையம் ஒரு கிலோ மீட்டருக்குள்தான் இருந்தது. ஆனால் தீயணைப்பு வீரர்கள் சம்பவ இடத்துக்கு வந்தது 2 மணி நேரத்துக்குப் பிறகு!

வீரர்களுக்கு பயமா? இல்லை. போக அனுமதி கிடைக்காமல் தவித்தார்கள். தீயணைப்பு அதிகாரியால் போலீஸ் கட்டுப்பாட்டு அதிகாரியை போனில் பிடிக்க முடியவில்லை. துப்பாக்கிச் சூடு நடக்கலாம் என்று நினைத்து, தூரத்தில் உள்ள வேறு நிலையத்தில் வண்டிகளைக் கூடச் சொன்னார்கள். அங்கே அழைப்புகளை வாங்கியது 4 தீயணைப்புத் துறைகளுக்கும் பொதுவான மண்டலக் கட்டுப்பாட்டு அறை. அதற்குக் கிடைத்த முக்கியத் தகவல்கள் அதிகாரிகளுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை.

2018-ல் கெர்ஸ்லேக் குழு அறிக்கையும், 2022-ல் பொது விசாரணை அறிக்கையும் இதைப் புட்டுப்புட்டு வைத்தன. மண்டல அளவில் சேர்வது நல்லதுதான். ஆனால் சேர்ந்து செய்யும் வேலையைச் சேர்ந்தே பரிசோதிக்காவிட்டால் ஆபத்து என்பதுதான் பாடம்.

இங்கிலாந்தில் 2018 முதல் ஒவ்வொரு தீயணைப்புத் துறையையும் தனி ஆய்வு அமைப்பு பரிசோதித்து தர வரிசை கொடுக்கிறது. பல துறைகள் சேர்ந்து சமாளிக்கும் பெரிய சம்பவத்துக்குத் தயாரா என்பதும் அதில் ஒரு கேள்வி. அறிக்கையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

நம் சட்டத்திலேயே வழி உண்டு

இது நமக்குப் புதிது அல்ல. 1989-ம் ஆண்டு அபாயகரமான ரசாயனப் பொருட்கள் விதிகள்படி, மணலி போன்ற இடங்களில் உள்ள பெரும் அபாய ஆலைகள் 6 மாதத்துக்கு ஒருமுறை உள்ளே ஒத்திகை நடத்த வேண்டும். அதற்கான அறிக்கையையும் கொடுக்க வேண்டும். ஆலைக்கு வெளியே ஊர் முழுவதும் பாதிக்கும் நிலைக்கான ஒத்திகையை ஆண்டுக்கு ஒருமுறையாவது நடத்த வேண்டும். அதில் வருவாய்த்துறை, போலீஸ், தீயணைப்பு, மருத்துவம் எல்லாம் சேரும்.

கெமிக்கல் ஆலைக்குச் செய்வதை ரங்கநாதன் தெருவுக்கும், மதுரை மாசி வீதிகளுக்கும் ஏன் செய்யக்கூடாது?

திட்டம் எப்படி இருக்க வேண்டும்?

ஆய்வை அவசரத்தில் நடத்தினால் வெறும் அணிவகுப்பாகிவிடும். ஆண்டுக் காலண்டரில் இப்படி வகுத்துக்கொள்ளலாம்:-

* ஜனவரி, பிப்ரவரி: கோடைக்கு முன்பு தண்ணீர் எடுக்கும் இடங்களைப் பக்கத்து நிலையங்கள் சேர்ந்தே சரிபார்ப்பது.

* ஏப்ரல் 14: தீயணைப்பு வீரர்கள் நினைவு நாள். 1944-ல் மும்பை துறைமுகத்தில் கப்பல் வெடித்து 66 வீரர்கள் பலியான நாள் இது. அந்த வாரம் பொதுமக்கள் முன்னிலையில் கூட்டு ஒத்திகை.

* தீபாவளிக்கு முன்பு: கடைவீதிகளில் இரவு நேர ஒத்திகை. பகலில் நடத்தினால் பயன் குறைவு.

* வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு: படகு, கயிறு மீட்புப் பயிற்சி.

* ஒவ்வொரு பெரிய தீயும் அணைந்த பிறகு: வந்த எல்லா நிலையங்களும், மற்ற துறைகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து நேரப் பட்டியல் போடுவது. யார் தலைமை ஏற்றார், வயர்லெஸ் கேட்டதா, தண்ணீர் எப்போது நின்றது என்று எழுதுவது.

இந்தக் கூட்டம் தண்டனைக் கூட்டமாக இருந்தால் யாரும் உண்மை பேச மாட்டார்கள். '5 நிமிடத்தில் போனோம்' என்று எல்லோரும் அழகாக எழுதி வைத்துவிடுவார்கள். மெமோ வேறு, பாடம் வேறு என்று பிரித்து வைத்தால்தான் ஆய்வுக்கு அர்த்தம்.

பணமும் இருக்கிறது

15-வது நிதிக்குழு பரிந்துரைப்படி மாநிலங்களின் தீயணைப்புத் துறைகளை நவீனமாக்க மத்திய அரசு 2023-ல் ரூ.5 ஆயிரம் கோடி திட்டத்தைத் தொடங்கியது. இதில் ரூ.500 கோடி, சட்டத்திலும் கட்டமைப்பிலும் சீர்திருத்தம் செய்யும் மாநிலங்களுக்கு ஊக்கத்தொகையாக ஒதுக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. அதாவது நல்ல மார்க் வாங்கினால் காசும் உண்டு.

ஆனால் புது வண்டி வாங்கினால் மட்டும் போதாது. பக்கத்து நிலைய வண்டியின் குழாய் இணைப்பு நம்ம வண்டியில் பொருந்துமா, இரண்டு பேரும் ஒரே வயர்லெஸ் அலைவரிசையில் பேச முடியுமா என்று பார்ப்பதற்குப் பெரிய செலவு ஆகாது. ஒரு மாலை நேரம் போதும்.

பொதுமக்கள் என்ன செய்யலாம்?

தகவல் உரிமைச் சட்டத்தில் ரூ.10 கட்டணம் செலுத்தி மனு போட்டால் 30 நாளில் பதில் தரவேண்டும். இந்த 3 கேள்விகளைக் கேட்கலாம்.

எங்கள் பகுதிக்குக் கடந்த ஆண்டு வந்த அழைப்புகளில் எத்தனைக்கு வேறு நிலைய வண்டி வந்தது? அது வர எவ்வளவு நேரம் ஆனது? போலீஸ், மின்வாரியம், குடிநீர் வாரியத்தோடு சேர்ந்து கடைசியாக எப்போது ஒத்திகை நடந்தது?

தீ என்றால் 101 அல்லது 112-க்குப் பேசுங்க. தெருப் பெயரோடு பக்கத்தில் உள்ள கோவில், பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாப் பெயரையும் சொல்லுங்க. பெரிய வண்டி நுழையாத சந்து என்றால் அதையும் முதலிலேயே சொல்லிடுங்க. ஒருத்தர் தெருமுனையில் நின்று வழிகாட்டினாலே சில நிமிடம் மிச்சமாகும்.