கறுத்ததெல்லாம் காந்தமா?

கடுக்காய்ச் சாற்றில் அன்னபேதி என்ற இரும்பு உப்பைக் கலந்தால் கன்னங்கரேலென்று மை கிடைக்கும். கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணமான டானின் இரும்பைப் பற்றிக்கொள்வதால் வரும் கருமை அது. காந்தத்துக்கு அது அசைந்துகொடுக்காது. 'இலைச்சாற்றில் தயாரித்த காந்த நானோ துகள்' என்று படிக்கும்போதெல்லாம் இந்த மையை நினைத்துக்கொள்வது நல்லது. பல இலைச்சாறுகளில் இருப்பவையும் இதே வகைத் துவர்ப்புப் பொருள்கள்தாம். இரும்பு உப்பில் சாற்றை விட்டதும் கறுக்கிறது என்பதற்காக மேக்னடைட் என்ற காந்த இரும்பு ஆக்சைடு உருவாகிவிட்டதாகக் கொள்ள முடியாது. தேயிலைச் சாற்றில் இரும்பு நானோ துகள் கிடைத்ததாகச் சொல்லப்பட்டதை நுணுகிப் பார்த்தபோது, இரும்பும் துவர்ப்புப் பொருளான பாலிஃபீனாலும் பிணைந்த கூட்டுப்பொருளே தென்பட்டதும் உண்டு.

அப்படியானால் காந்தத் துகள் செய்ய உயிர்மூலக்கூறுகளே வேண்டாமா? வேண்டும், ஆனால் அவற்றுக்கு ஏற்ற வேலை வேறு. இரும்பின் ஃபெர்ரஸ் உப்பு ஒரு பங்கு, ஃபெர்ரிக் உப்பு இரண்டு பங்கு கலந்து அம்மோனியா விட்டால் மேக்னடைட் படிந்துவிடும். பிரான்சின் ரெனே மசார் 1981-இல் வெளியிட்ட வழி இது. தொல்லை அதற்குப் பிறகுதான்: துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும், காற்றுப் பட்டால் மாறும். அவற்றைப் பிரித்துவைக்கும் போர்வையாக இருப்பதே உயிர்மூலக்கூறின் வேலை. டெக்ஸ்ட்ரானின் வழிவந்த சர்க்கரைப் பொருளைப் போர்த்திய இரும்பு ஆக்சைடுதான் ஃபெருமாக்சிட்டால்; சிறுநீரக நோயாளிகளின் இரத்தசோகைக்கு அமெரிக்கா 2009-இல் அனுமதித்த ஊசிமருந்து. காந்தப்பொருள் இல்லையென்றாலும், சென்னை ஐஐடியில் டி. பிரதீப் குழு உருவாக்கிய ஆர்சனிக் வடிகட்டிப் பொருளும் இந்த வழியில் வந்ததே. அதில் இரும்பைத் தாங்குவது கைட்டோசான்.

கைட்டோசானின் மூலப்பொருள் இறால் ஓடும் நண்டு ஓடும். தேவனாம்பட்டினம் பெரியார் கலைக் கல்லூரிக்கும் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் இடைப்பட்ட இந்தக் கடலூர்க் கடற்கரையில் அதற்கா பஞ்சம்? ஓட்டிலிருந்து கைட்டோசான் எடுக்க அடர் காரம் வேண்டுமே, அது என்ன பசுமை என்று கேட்கலாம். சிப்காட் தொழிற்பேட்டைக் கழிவோடு வாழும் கடலூர்க்காரர்களுக்கு அதைக் கேட்க எல்லா உரிமையும் உண்டு. காரக்கழிவைச் சுத்திகரிக்கும் செலவையும் சேர்த்தே விலை சொல்ல வேண்டும். 'இலை இலவசம்' என்பது அடுத்த வாதம். ஆனால் மண்ணும் பருவமும் மாறினால் சாறும் மாறுகிறது. கைட்டோசானின் மூலக்கூறு எடையையோ அளக்கலாம். நாளை இன்னொருவர் அதே சரக்கை வாங்கி அதே துகளைச் செய்து பார்க்கலாம். இலைச்சாற்றுத் துகளைப் பற்றி இனி எங்கேயாவது படித்தால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: கோடையில் பறித்த இலையில் வந்த துகள், ஐப்பசி மழையில் பறித்த இலையிலும் வந்ததா?