குற்றாலத்தின் இன்னோர் அருவி

ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவமழை மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிச் சாரலாகத் தூறும்போது, குற்றாலம் மக்கள் வெள்ளத்தில் திளைக்கிறது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீராடித் திரும்புவோரில் எத்தனை பேருக்கு, இந்த மலையின் புகழைத் தமிழுலகெங்கும் கொண்டு சென்ற கவிஞர் அருகிலுள்ள மேலகரத்தில் பிறந்தவர் என்பது தெரியும்?

அவர், 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர். திரிகூடம் என்பது மூன்று சிகரங்களை உடைய குற்றால மலையின் பெயர். தலபுராணம், மாலை, உலா, யமக அந்தாதி எனக் குற்றாலத்தைப் பற்றிப் பல நூல்களை இயற்றிய அவருக்கு அழியாப் புகழ் தந்தது 'திருக்குற்றாலக் குறவஞ்சி' என்னும் நாடகம்.

கதை எளியது. திருவீதி உலா வரும் குற்றாலநாதரைக் கண்டு, பந்தாடிக் கொண்டிருந்த வசந்தவல்லி காதல் கொள்கிறாள். அவள் கைபார்த்துக் குறி சொல்லிப் பரிசு பெறுகிறாள் குறத்தி சிங்கி. அவளைத் தேடி அலைகிறான் பறவை பிடிக்கும் அவள் கணவன் சிங்கன்.

இந்த நாடகத்தின் புதுமை, அதன் பிற்பகுதியில் இருக்கிறது. இறைவனும் தலைவியும் பின்னணிக்குச் செல்ல, உழைக்கும் எளிய தம்பதியர் மேடையை நிறைக்கின்றனர். மனைவியின் காலில் கிடக்கும் சிலம்பைப் பாம்பென்று எண்ணி மிரள்கிறான் சிங்கன். அது சேலத்து நாட்டில் குறி சொல்லித் தான் பெற்றது என்கிறாள் சிங்கி. நாடெங்கும் பயணம் செய்து, தன் தொழிலால் பொருள் ஈட்டி, அதைத் தயக்கமின்றிச் சொல்லும் ஒரு பெண்ணை 300 ஆண்டுகளுக்கு முன்பே மேடையேற்றியவர் கவிராயர்.

இராகமும் தாளமும் அமைந்த பாடல்கள், இடையிடையே விருத்தங்கள், நகைச்சுவை உரையாடல் என இயல், இசை, நாடகம் மூன்றையும் அவர் ஒன்றாக இணைத்தார். பின்னாளில் வேதநாயக சாஸ்திரியார் 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார் என்பது, குறவஞ்சி என்னும் வடிவம் சமய எல்லைகளையும் கடந்து நின்றதற்குச் சான்று.

இந்த நாடகத்துக்காக மதுரை நாயக்க மன்னர் முத்து விசயரங்கச் சொக்கநாதர் கவிராயருக்கு நிலம் வழங்கினார். அந்த நிலம் 'குறவஞ்சி மேடு' எனப் பெயர் பெற்றது. பின்னர், 20-ஆம் நூற்றாண்டில், குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் இந்நூலின் சுவையைப் புதிய தலைமுறைக்கு எடுத்துரைத்தார். 1944-இல் ருக்மிணி தேவி அருண்டேல் கலாக்ஷேத்திராவில் இதை நாட்டிய நாடகமாக அரங்கேற்றினார்.

ஆக, ஒரு கலைப்படைப்பு தன் தகுதியால் மட்டும் காலத்தைக் கடப்பதில்லை. ஒவ்வொரு காலத்திலும் யாரேனும் அதற்காகப் பொருளும் உழைப்பும் செலவிட்டாக வேண்டும். பொருளியலில் பொதுப் பண்டம் என்றொரு கருத்து உண்டு. அனைவரும் பயன்பெறுவர்; செலவை ஏற்க எவரும் முன்வரமாட்டார். அருவியும் அத்தகையதே, குறவஞ்சியும் அத்தகையதே. ஆனால், இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. யாரும் பாராவிட்டாலும் அருவி விழும். நடிக்க ஆளில்லாவிட்டால் நாடகம் வெறும் பாடப்பகுதியாகச் சுருங்கிவிடும்.

2019-இல் தென்காசி தனி மாவட்டமாயிற்று. தனக்கென ஒரு பண்பாட்டு முகவரியை அது எங்கும் தேட வேண்டியதில்லை. சாரல் திருவிழாவில் ஆண்டுதோறும் குறவஞ்சியை முழுமையாக மேடையேற்றலாம். வட்டாரக் கல்லூரி மாணவர்களுக்கு அதற்கான இசை, நடிப்புப் பயிற்சி அளிக்கலாம். சாரல் காலத்தில் வரும் வருவாயில் ஒரு சிறு பகுதியை இதற்கென ஒதுக்கினாலே போதும். கவிராயரின் பெயரால் சிலைகளும் விழாக்களும் அமையலாம். எனினும், நாடகாசிரியர் ஒருவருக்குச் செய்யத்தக்க முதல் மரியாதை, அவருடைய நாடகத்தை நடத்துவதே.

மன்னர் அன்று ஒரு மேட்டு நிலத்தைக் கொடுத்தார். மக்களாட்சி ஒரு மேடையையாவது கொடுக்க வேண்டாமா?