"ஒரு வார்த்தைதானே" என்று விட்டுவிடலாமா?



போன வருடம் நம் ராதாபுரம் வட்டாரத்தில் ஒரு குழுவின் மாதக் கூட்டம். சந்தா, உள்கடன் வசூல் எல்லாம் முடிந்து, "வேறு ஏதாவது பேச வேண்டியது உண்டா?" என்று கேட்டபோது ஓர் உறுப்பினர் வாயைத் திறந்தார். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். "காலையில இருந்து நின்னு நின்னு கால் வீங்கிருச்சு மேடம். ஆள் இல்லாத நேரம் பாத்து துணிக்கட்டுல லேசா சாஞ்சேன். சூப்பர்வைசர் வந்து, 'என்னட்டி, மகாராணிக்கு நாற்காலி கொண்டாரணுமோ'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டாரு" என்றார்.

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே, "விடுங்கக்கா, ஒரு வார்த்தைதானே. கடன் இருக்கு, அனுசரிச்சுப் போங்க" என்று சொல்லிவிட்டேன். அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம்.

மூன்று மாதம் கழித்து அவர் வேலையை விட்டுவிட்டார். தவணை நின்றது. குழுவில் எல்லோருக்கும் அவர் மேல் கோபம். விவரம் கேட்க நான் வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கு ஒண்ணைத்தான் மேடம் சொன்னேன். மிச்சத்தைச் சொல்ல விட்டாத்தானே?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பிறகு மிச்சத்தையும் சொன்னார். ஒன்றரை வருடத்தில் அவரை ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, "ஏட்டி"தான். கூட வேலை பார்க்கும் ஆண்கள் மட்டும் "தம்பி", "அண்ணாச்சி". தண்ணீர் குடிக்கப் போனால், "தண்ணி குடிச்சிட்டே இருந்தா யாவாரத்தை யாரு பாக்கது?" வயிற்று வலியென்று லீவு கேட்டால், "அந்த மூணு நாளா?" என்று சத்தமாக ஒரு கேள்வி. பட்டுச்சேலைப் பிரிவில் நின்றால், "இந்தக் கலருக்கு நீ காட்டுனா எவன் வாங்குவான்?" அவர் பேசி முடித்த பெரிய வியாபாரம், பில்லில் வேறொருவர் பெயரில்.

இதில் ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போக முடியுமா? போனாலும், "இதுக்கெல்லாமாம்மா வந்தே?" என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொன்றும் சின்னதாக இருப்பதால்தான் இது இத்தனை காலம் நடக்கிறது.

சிறுசேமிப்பு மாதிரிதான் இதுவும்

வாரம் 20 ரூபாய் பெரிய பணமா? இல்லை. ஆனால் 15 பேர் வாரம் தவறாமல் போட்டால் ஒரு வருடத்தில் 15,600 ரூபாய். இந்தக் கணக்கை நம்மை விட நன்றாக யாருக்குத் தெரியும்? அவமானமும் அப்படித்தான் சேருகிறது. ஒருநாள் குத்தும் ஊசி மறந்துவிடும். தினமும் அதே இடத்தில் குத்தினால் புண்ணாகும். தூக்கம் கெடும், வேலைக்குப் போகும்போதே மனசு படபடக்கும், வீட்டில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுவோம். கடைசியில் வேலையே போகும்.

1970-ல் அமெரிக்காவில் செஸ்டர் பியர்ஸ் என்ற கறுப்பின மனநல மருத்துவர் இந்தச் சின்னச் சின்னத் தாக்குதல்களுக்கு ஒரு பெயர் வைத்தார். தமிழில் "நுண் அவமதிப்பு" என்று சொல்லலாம். வெள்ளையர்கள் கறுப்பின மக்களை அன்றாடம் மட்டம் தட்டுவதைப் பார்த்து அவர் சொன்னது, இன்று பெண்களுக்கும் பொருந்துகிறது. நமக்கு இது புதிதல்ல. சாடை பேச்சு, குத்தல், நக்கல், இளக்காரம் என்று நம் ஊரிலேயே எத்தனை பெயர்!

எப்படி அடையாளம் காண்பது?

நம் உறுப்பினர்கள் பீடிக்கடையிலும், வாழைத்தோட்டத்திலும், செங்கல் சூளையிலும், கடைகளிலும், பள்ளிகளிலும், ஆஸ்பத்திரிகளிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களிடம் பேசியதில் இவை திரும்பத் திரும்ப வந்தன:

• பெயர் சொல்லாமல் ஏட்டி, பிள்ளே என்று அழைப்பது. ஆண்களுக்கு மட்டும் மரியாதை.

• என்ன வேலைக்குச் சேர்ந்திருந்தாலும் டீ வாங்கவும் கூட்டிப் பெருக்கவும் பெண்ணையே அனுப்புவது.

• "வீட்டுக்காரர் வரலியா?" என்று கேட்டு, நம்மிடம் பேச வேண்டியதை அவரிடம் பேசுவது.

• "பொம்பளையா இருந்தும் நல்லா கணக்குப் பாக்குதீயே!" இது பாராட்டு மாதிரி இருக்கும். யோசித்துப் பார்த்தால் பாராட்டு அல்ல.

• நிறம், உடம்பு, பிள்ளை இல்லாதது, கணவர் இல்லாதது பற்றிய பேச்சு.

• "எந்தத் தெரு?" என்று கேட்டு சாதியைத் தெரிந்துகொள்வது, அதன் பிறகு தம்ளர் மாறுவது.

அப்படியானால் மேஸ்திரியும் முதலாளியும் சொல்வதெல்லாம் அவமதிப்பா? அப்படியும் இல்லை. "இந்தத் தையல் கோணலா இருக்கு, பிரிச்சுத் தையுங்க" என்றால் அது வேலையைப் பற்றிய பேச்சு. அதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். "பொம்பள புத்தி பின்புத்தி" என்றால் அது நம்மைப் பற்றிய பேச்சு. சந்தேகம் வந்தால் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இதே வார்த்தையை ஓர் ஆணிடம் சொல்வார்களா? இது திரும்பத் திரும்ப நடக்கிறதா? இதனால் என் வேலையோ கூலியோ உடம்போ பாதிக்கப்படுகிறதா?

நாற்காலி கேட்டவர்கள் ஜெயித்த கதை

முதலில் சொன்ன நாற்காலிக்கு வருகிறேன். கேரளத்தில் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளிலும் பெண்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்தார்கள். உட்காரக் கூடாது. கழிப்பறை வசதி கிடையாது. அதனால் பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். அங்கே தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண் மற்ற பெண்களைச் சேர்த்து "பெண்கூட்டு" என்ற அமைப்பைத் தொடங்கினார். "உட்கார ஆசைப்பட்டால் வீட்டிலேயே இருக்க வேண்டியதுதானே" என்ற பேச்சையெல்லாம் தாண்டிப் பல வருடம் போராடினார்கள். 2018-ல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தி, கடைகளில் இருக்கை கட்டாயம் என்று ஆக்கியது.

நம் தமிழ்நாட்டிலும் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பட்டது. கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை பார்ப்பவர்கள் வேலைக்கு இடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது 22-ஏ பிரிவு. அதாவது, எந்த நாற்காலியைச் சொல்லி நம் உறுப்பினரைக் கேலி செய்தார்களோ, அது சட்டப்படி அவருக்குக் கிடைக்க வேண்டியது! அன்று கூட்டத்தில் சிரித்த எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. வேலையை விட்ட அவருக்கும் தெரியாது.

நாற்காலி மறுக்கப்பட்டது கடைப் பெண்களுக்கு மட்டும் இல்லை. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சித் தலைவராக இருந்த ராஜேஸ்வரி பட்டியல் சாதியைச் சேர்ந்தவர். ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, அவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியே வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது, ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஓட்டு வாங்கி ஜெயித்தவருக்கே இந்த நிலைமை என்றால் கூலிக்கு நிற்கும் நம்மைச் சொல்லவா வேண்டும்?

நாம் என்ன செய்யலாம்?

1. முதலில் பாதுகாப்பு. ஒவ்வொரு பேச்சுக்கும் உடனே பதில் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. தனியாக இருக்கும் இடத்தில், எதிரே இருப்பவர் குடித்திருந்தால், அங்கிருந்து விலகிவிடுவதே புத்திசாலித்தனம். அன்று பேசாமல் இருந்தது உங்கள் தப்பு ஆகிவிடாது.

2. சின்னதாக, நேராகச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம். "எனக்குப் பேரு இருக்கு சார், பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க." "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க." "வேலையில குறை இருந்தா சொல்லுங்க, என் கலரைப் பத்திப் பேச வேண்டாம்." இந்த மாதிரி ஒரு வாக்கியம் போதும். கூட்டத்தில் இதைப் பேசிப் பழகிக்கொள்ளலாம். முதல் தடவை நாக்கு ஒட்டிக்கொள்ளும், மூன்றாம் தடவை வந்துவிடும்.

3. பக்கத்தில் இருப்பவர் பேசுங்கள். அவமானப்பட்டவருக்கு அந்த நேரத்தில் வாய் வராது. "அண்ணாச்சி, அக்காவை அப்படிச் சொல்லாதீங்க" என்று கூட நிற்பவர் சொன்னால் பாரம் பாதி குறையும். 2021 டிசம்பரில் பக்கத்துக் குமரி மாவட்டம் குளச்சலில், மீன் விற்றுவிட்டு வந்த ஒரு வயதான அம்மாவை, வாடை அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அவர் பேருந்து நிலையத்திலேயே சத்தமாக நியாயம் கேட்டார். அது வீடியோவாகப் பரவியது. ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். நம் உவரி, இடிந்தகரைப் பக்கம் மீன் விற்கும் சகோதரிகளுக்கு இந்த வலி புதிதல்ல. அவர் கேட்டதாலும், அதை மற்றவர்கள் வெளியே கொண்டுவந்ததாலும்தான் நடவடிக்கை வந்தது.

4. நோட்டில் எழுதுங்கள். குழுவில் தீர்மானப் புத்தகம் எழுதுகிறோம் இல்லையா? அதே மாதிரி தேதி, நேரம், இடம், யார் சொன்னது, என்ன சொன்னது, யார் கூட இருந்தது என்று எழுதி வையுங்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்கள், மெருகேற்ற வேண்டாம். எழுதத் தெரியாதவர்களுக்குக் குழுவில் ஒருவர் எழுதித் தரலாம். "ஒரு வார்த்தைதானே" என்பவர்களுக்கு இந்த நோட்டுதான் பதில்.

5. சேர்ந்து போங்கள். தனியாகப் போய்ப் பேசினால் "வாயாடி" என்று பெயர் வரும். அதே இடத்தில் வேலை பார்க்கும் நாலு பேர் சேர்ந்து முதலாளியைப் பார்த்தால் அது கோரிக்கை ஆகிவிடும்.

எல்லை மீறினால் சட்டம் உண்டு

1992-ல் ராஜஸ்தானில் பன்வாரி தேவி என்ற கிராமப் பணியாளர் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனார். அந்தக் கோபத்தில் அவரைக் கூட்டாகப் பலாத்காரம் செய்தார்கள். நம்மைப் போல ஊர் ஊராகப் போய் வேலை பார்த்தவர் அவர். அந்தக் கொடுமையை அடுத்துத் தொடரப்பட்ட வழக்கில்தான் 1997-ல் உச்ச நீதிமன்றம் விசாகா தீர்ப்பைக் கொடுத்தது. பணியிடத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் 2013-ல் வந்தது.

எல்லாக் குத்தல் பேச்சும் இந்தச் சட்டத்தில் வராது. ஆனால் பாலியல் சாயம் உள்ள பேச்சு, ஆபாசப் படம் காட்டுவது, விரும்பாமல் தொடுவது, இணங்கச் சொல்லிக் கேட்பது எல்லாம் வரும். இணங்காததால் வேலையை வைத்து மிரட்டுவது, உடல்நலம் கெடும் அளவுக்கு அவமானப்படுத்துவது ஆகியவையும் இதில் சேரும்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குக் குறைவான இடம் என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். வீட்டு வேலை செய்பவர்களும் போகலாம். வட்டார அளவில் புகார் வாங்கி, 7 நாளில் அந்தக் குழுவுக்கு அனுப்ப ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அவர் யார் என்பதை மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் வரை ஏற்கலாம். எழுத முடியாதவருக்கு எழுதித் தர குழு உதவ வேண்டும். உங்கள் பெயரை வெளியிடக் கூடாது.

சாதியைச் சொல்லிப் பலர் அறிய இழிவுபடுத்தினால் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இருக்கை இல்லாத கடையைப் பற்றித் தொழிலாளர் துறையிடம் சொல்லலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 181 பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்து கேளுங்கள்.

நம்மையும் கொஞ்சம் பார்ப்போம்

இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. நம் குழுக்களில் மட்டும் என்ன வாழ்கிறது? "அவ கைநாட்டு, அவளுக்கு என்ன தெரியும்?" என்று ஊக்குநர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ஒரு தெருப் பெண்கள் பாயில் உட்கார, இன்னொரு தெருப் பெண்கள் வாசல் ஓரம் உட்கார்ந்ததையும் பார்த்திருக்கிறேன். வாய் திறந்து சொல்ல வந்தவரை "விடுங்கக்கா" என்று சொல்லி உட்கார வைத்தவளும் நான்தான்.

அந்த உறுப்பினர் இப்போது வீட்டில் பீடி சுற்றுகிறார். முன்னைவிட வருமானம் குறைவு. குழு கூடிப் பேசி அவருடைய தவணையைச் சிறிதாகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. வேலை போன பிறகு செய்ததை, அவர் முதல் வார்த்தை சொன்ன அன்றைக்கே செய்திருந்தால்? இந்தக் கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது.

அதனால் ஒரு வேண்டுகோள். இனி மாதக் கூட்டத்தில் வசூல் முடிந்ததும் 10 நிமிடம் ஒதுக்குங்கள். "இந்த மாசம் வேலை பாக்குற இடத்துல யாருக்காவது மனசு நோகுற மாதிரி ஏதாவது நடந்துச்சா?" என்று கேளுங்கள். சொல்பவரை முழுவதும் சொல்ல விடுங்கள்.

கூட்டத்தில் கலந்து பேச:

1. உங்கள் வேலையிடத்தில் உங்களை எப்படி அழைக்கிறார்கள்? எப்படி அழைக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?

2. கடையில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர்கள் எத்தனை பேருக்கு உட்கார இடம் இருக்கிறது? எண்ணிப் பார்த்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

3. நம் குழுவிலேயே யாராவது ஓரமாக உட்காருகிறார்களா? ஏன்?

– வட்டார ஒருங்கிணைப்பாளர், ராதாபுரம்