தோல் நோய்க்குச் செயற்கை நுண்ணறிவிடம் ஆலோசனை கேட்கலாமா?

அரிக்கும் இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, "இது என்ன, எதைப் பூசலாம்?" என்று செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்போர் பெருகி வருகின்றனர். ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி இழப்பு என்ற நிலையிலுள்ள திருப்பூர்த் தொழிலாளர்கள் இவ்வழியை நாடுவதில் வியப்பில்லை. எனினும், அந்த விடையை மட்டும் நம்பிக் களிம்பு வாங்குவது தீங்காகலாம்.

சாயப்பட்டறையிலும் பிளீச்சிங் பிரிவிலும் காஸ்டிக் சோடா, ஹைட்ரஜன் பெராக்சைடு, சாயப்பொருள்கள் ஆகியவை பட்டுத் தோல் அழற்சி ஏற்படும். வெப்பத்திலும் வியர்வையிலும் இடுப்பு, தொடை இடுக்குகளில் வரும் படர்தாமரை பூஞ்சைத் தொற்றாகும். படத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றலாம், மருந்தோ வேறு. அழற்சிக்குரிய ஸ்டீராய்டு களிம்பைப் படர்தாமரையில் பூசினால், சில நாள்களில் அரிப்பு அடங்கும். பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். வட்டத்தின் விளிம்பும் மங்கிவிடுவதால், அடுத்த படம் செயலியை மட்டுமன்றி மருத்துவரையும் குழப்பும். அப்போது தோலைச் சுரண்டியெடுத்த செதிலை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும். இக்காரணங்களாலேயே 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. குளோபிடசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் ஆகிய பெயர்களுள் ஒன்று உங்கள் களிம்புக் குழாயில் உள்ளதா என்று பாருங்கள்.

இத்தகைய செயலிகளுக்குப் பயிற்சியளிக்கப் பயன்பட்ட படங்களில் வெளிர்நிறத் தோலே மிகுதி. நூல்களில் 'சிவப்பு' எனப்படும் அழற்சி நம் தோலில் பெரும்பாலும் கருமையாகவோ ஊதாச் சாயலாகவோ தெரியும்.

படத்தால் அறவே அறிய இயலாதது தொடு உணர்ச்சி. வெளிறிய அல்லது சிவந்த தேமலில் உணர்ச்சி குறைந்திருந்தால் தொழுநோயாக இருக்கலாம். அதற்கான கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். தாமதித்தால் நரம்புகள் பாதிக்கப்படும்.

செயலியே வேண்டாம் என்பதன்று. எப்போது தொடங்கியது, எந்தப் பிரிவில் வேலை, விடுமுறையில் குறைகிறதா, வீட்டில் வேறு எவருக்கும் உள்ளதா என்பனவற்றை ஒழுங்குபடுத்தி எழுத அதன் உதவியைப் பெறலாம். அந்தக் குறிப்புடன், பூசிய களிம்புகள் அனைத்தையும் எடுத்து வாருங்கள். கடைக்காரர் பிரித்துக் கொடுத்ததையும் மறைக்க வேண்டாம். அந்தரங்கப் பகுதிகளின் படங்களைச் செயலியில் பதிவேற்றாதீர்கள்.

வேதிப்பொருள் தெறித்தால் ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். புதிய மருந்து உட்கொண்டபின் காய்ச்சலுடன் கொப்புளமோ வாய்ப்புண்ணோ தோன்றினாலும், முகம் வீங்கினாலும் உடனே வர வேண்டும். மற்ற ஐயங்களுக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.